வெண்சாயமும் பச்சைக் கொடியும்

மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம்மவர்க்கு மையின் நிறம் வெறும் நிறமன்று. நீலமும் கருப்பும் எல்லார்க்கும் பொது. பச்சையும் சிவப்பும் இணைச்செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ளோர் அரிதாகக் கையாளுதற்கு உரியவை என்று அலுவலக நடைமுறைக் கையேடு வரையறுத்துள்ளது. கோப்பில் குறிப்பெழுதும் தாளும் பசுமை நிறத்ததே. கணிப்பொறியில் கோப்புகள் நடமாடும் இந்நாளிலும் அவ்வழக்கு மாறவில்லை. மஞ்சள் குறிப்பு வரைவுநிலைக் குறிப்பு. அதனைத் திருத்தலாம், களைந்தும் விடலாம். பச்சைக் குறிப்போ ஒருமுறை மேலே சென்றபின் அழியாது நிற்பது. ஆக, எது நிலைக்கும், எது நிலைக்காது என்பதை நாள்தோறும் நிறத்தைக் கொண்டே அறிந்து வாழ்கின்ற கூட்டம் நம்முடையது. ஒரு குமாஸ்தா ஓவியத்தைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும் எழுதப் புகுந்ததேன் என்று வினவும் அன்பர்க்கு இதுவே நம் விடை.

இக்கட்டுரைக்குக் காரணமானவள் நம் மகள். பதினொன்றாம் வகுப்பு மாணவியாகிய அவள் பிரகதி மைதானப் புத்தகக் கண்காட்சியிலிருந்து கனத்த சித்திரநூல் ஒன்றை வாங்கி வந்தாள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ என்னும் புதினத்தைப் பிரேசில் நாட்டு ஓவியர் ஃபிடோ நெஸ்டி படக்கதையாக ஆக்கிய நூல் அது. பிரேசிலில் 2020ஆம் ஆண்டிலும் ஆங்கிலத்தில் 2021ஆம் ஆண்டிலும் வெளிவந்து, வேற்றுவடிவத்திலிருந்து ஆக்கப்பட்ட படக்கதைக்கான ஐஸ்னர் பரிசினை 2022இல் பெற்றது. படக்கதை என்றால் சிறுவர்க்குரியது என்று எண்ணிப் பழகிய தலைமுறை நம்முடையது. இரும்புக்கை மாயாவிக்கு மேல் அக்கலை வளரும் என்று நாம் நினைத்ததில்லை. மகள் உறங்கியபின் அந்நூலைப் புரட்டத் தொடங்கினோம்; கீழே வைத்தபோது இரவு ஒரு மணி.

சாம்பல், கருப்பு, செம்மை. பெரும்பாலும் இம்மிகச் சில நிறங்களைக் கொண்டே நெஸ்டி தம் நூலை நடத்துகின்றார். அதனைக் கண்டபின் மூலநூலை மீண்டும் எடுத்துப் படித்தோம். கல்லூரிக் காலத்தில் கதைக்காகப் படித்தபோது கண்ணிற்படாத ஒன்று இப்போது பட்டது. ஆர்வெல் நிறங்களை எண்ணி எண்ணிச் செலவிட்டவர். அவர் படைத்த இலண்டனில் சுவரொட்டிகளைத் தவிர வேறெதற்கும் நிறமில்லை. கட்சியின் வெளிவட்டத்தார்க்கு நீல உடை. உள்வட்டத்தார்க்குக் கருப்பு உடை. நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் திருட்டுத்தனமாக வாங்கும் நாட்குறிப்பேட்டின் முதுகு சிவப்பு. அதன் தாள் பழமையால் பாலேட்டு நிறங்கொண்டது. ஜூலியா இடையிற் கட்டியிருப்பது செந்நிறக் கச்சை. அஃது ஆண்பெண் உறவை வெறுக்கும் இளைஞர் கழகத்தின் அடையாளம். வின்ஸ்டன் பழம்பொருட்கடையில் வாங்கும் கண்ணாடிக் குமிழினுள் இளஞ்சிவப்புப் பவளம் ஒன்று பதிந்திருக்கும். காவலர் புகுந்து அக்குமிழை உடைக்கும்போது பவளத்துண்டு தரையில் உருள்கிறது. இத்தனை சிறியதா அது என்று அவன் வியக்கின்றான். புதினம் முழுவதிலும் நம் நெஞ்சை மிகவும் வாட்டுகின்ற இடம் நமக்கு அதுவே. எலிக்கூண்டு அன்று.

இனி வெண்மை. தமிழர்க்கு வெள்ளை உள்ளம் என்றால் கள்ளமற்றது. ஆர்வெல்லின் உலகில் அது நேர்மாறானது. பொய்யையே தொழிலாகக் கொண்ட உண்மை அமைச்சகம் முந்நூறு மீட்டர் உயரத்துக்கு மின்னும் வெண்ணிறக் கூம்பாக நிற்கிறது. வின்ஸ்டன் அடைபடும் சிறை வெண்பளிங்கு ஓடு பதித்த, விளக்கு அணையாத அறை. இருளைக் கண்டு அஞ்சப் பழகிய நமக்கு ஒளியைக் கண்டு அஞ்சக் கற்பிக்கின்றார் அவர். அவ்வமைச்சகத்தின் தோற்றத்துக்கு மாதிரியாக நின்றது இலண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை என்பர். போர்க்காலத்தில் பிரித்தானியச் செய்தி அமைச்சகம் இயங்கிய வெண்கல் மாளிகை அது.

வெண்மையின் இவ்வரலாறு ‘1984’க்கு முன்னரே தொடங்கியது. அதனை அறிய 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் வெளியான ‘விலங்குப் பண்ணை’யிடம் செல்லவேண்டும்.

ஆர்வெல்லின் இயற்பெயர் எரிக் ஆர்தர் பிளேர். 1903ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்தவர். தந்தையார் அபினித் துறையில் அலுவலர். நம் மொழியிற் சொன்னால் அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளை. மறு ஆண்டே தாயுடன் இங்கிலாந்து சென்றார். 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறையில் பணியாற்றினார். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கிழக்குப் பணிப் பிரிவில் அமர்ந்து இந்தியாவுக்கான ஒலிபரப்புகளை ஆக்கினார். அரசாங்கம் எழுத்தை எவ்வாறு தணிக்கை செய்யும், எவ்வாறு திருத்தும் என்பதை உள்ளிருந்தே கண்டவர் அவர். அப்பணியை விடுத்த சில திங்களிலேயே ‘விலங்குப் பண்ணை’யை எழுதத் தொடங்கினார். இக்கதை தமக்குத் தோன்றிய விதத்தை 1947இல் வெளிவந்த உக்ரேனிய மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அவரே கூறியுள்ளார். ஒடுங்கிய பாதையொன்றில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் பெரிய வண்டிக்குதிரையைச் சாட்டையால் அடித்து ஓட்டிச் சென்றானாம். தன் வலிமையை அக்குதிரை அறியுமாயின் என்னாகும் என்று எண்ணினாராம். கண்ணாற் கண்ட ஒரு படத்திலிருந்தே கதை முளைத்தது.

அவ்வுக்ரேனியப் பதிப்பு யாருக்காக அச்சிடப்பட்டது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவிட விழைகின்றோம். போரின் பின் செருமனி நாட்டு முகாம்களில் தங்கியிருந்த ஏதிலியர்க்காக. ஊரை இழந்து வேற்று மண்ணில் கிடந்தவர்கள் தம் தாய்மொழியில் படிப்பதற்கென்று ஆக்கிய அந்நூலின் பிரதிகள் பலவற்றை அமெரிக்கப் படையினர் கைப்பற்றிச் சோவியத் அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டனர். நாலாண்டு கழித்து அதே அமெரிக்க அரசு இக்கதைக்குச் செய்த உபசாரத்தைப் பின்னே காண்போம்.

கதையைப் பலரும் அறிவர். நிறங்களை மட்டும் எடுத்துச் சொல்வோம். ஜோன்ஸ் என்பவனின் பண்ணையில் விலங்குகள் கிளர்ந்தெழுந்து அவனை விரட்டுகின்றன. பன்றிகள் கருப்பு, வெள்ளைச் சாயக் குடங்களை வரவழைக்கின்றன. தார் பூசிய கருஞ்சுவரில் பெரிய வெள்ளை எழுத்துகளால் ஏழு கட்டளைகளை எழுதுகின்றன. வீட்டம்மாளின் பழைய பச்சை மேசைவிரிப்பு கொடியாகின்றது. பச்சை நிறம் இங்கிலாந்தின் வயல்களைக் குறிப்பது; நடுவே வெண்ணிறத்தில் குளம்பும் கொம்பும். பொதுவுடைமைக் கொடியின் சுத்தியலையும் அரிவாளையும் அவ்விடத்தில் காணாதார் யார்? ஆயின் ஆசிரியர் கொடியைச் சிவப்பாக்கவில்லை. சிவப்பை ஒரு குதிரையின் நாடாவுக்கு அளித்துவிட்டார். மாலி என்னும் அழகி தன் வெண்பிடரியில் செந்நாடா பின்னித் திரிபவள்; விடுதலையைக் காட்டிலும் நாடாவும் சர்க்கரைக்கட்டியும் பெரிதென்று கருதி அயலான் வண்டிக்கு ஓடிப்போனவள். புரட்சியின் நிறத்தை அப்புரட்சியை விட்டோடியவளுக்குச் சூட்டியது ஆர்வெல்லின் குறும்பு என்று நாம் கருதுகின்றோம். நாடா அடிமையின் சின்னம் என்று முதலில் பேசிய பன்றிகள், பின்னாளில் ஞாயிறுதோறும் தம் வாலில் பச்சை நாடா அணியும் சலுகையைத் தமக்கே வகுத்துக்கொள்கின்றன. இறுதியில் கொடியிலிருந்த குளம்பும் கொம்பும் நீக்கப்பட, வெறும் பச்சைத்துணியே பறக்கின்றது. ஒரு கொடியின் கதையாகவே இந்நாவலைச் சொல்லிவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலானது சுவர். கட்டளைகள் ஒவ்வொன்றாக மாறிவருகின்றன. எவரும் அழிப்பதில்லை; ஓரிரு சொற்கள் வரியின் கடையில் கூடுகின்றன, அவ்வளவே. விலங்குகள் வந்து பார்க்கும். நமக்குத்தான் நினைவு பிசகிற்றுப் போலும் என்று திரும்பும். ஒருநாள் நள்ளிரவில் ஓசை கேட்டு ஓடிவருகின்றன. ஏணி இரண்டாய் முறிந்து கிடக்கிறது. ஸ்குவீலர் என்னும் பன்றி மயங்கிக் கிடக்கிறான். அருகே விளக்கு, தூரிகை, கவிழ்ந்த வெண்சாயக் குடம். இத்தனையும் கண்டும், கிழட்டுக் கழுதை பெஞ்சமினைத் தவிர எவர்க்கும் பொருள் விளங்கவில்லை. சில நாளில் மது பற்றிய கட்டளை நீண்டிருக்கிறது.

இவ்விடத்தில் நம் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாது மேற்செல்ல நம் மனம் ஒப்பவில்லை. பணியிற் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. தபால் வரவுப் பதிவேடு நம் பொறுப்பில் இருந்தது. மழைக்காலத்தில் கூரை ஒழுகிப் பதிவேடு நனைந்துவிட்டது. புதிய பதிவேட்டில் முழுவதையும் படியெடுத்து எழுதும்படி மேலதிகாரி ஒருவர் பணித்தார். எழுதிக்கொண்டிருக்கையில் அருகே வந்து, ஒரு பதிவைச் சுட்டி, அதன் தேதியை ஒன்பது நாள் தள்ளி எழுதச் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. தேநீர் கொண்டுவரச் சொல்வது போலவே சொன்னார். கணவரை இழந்த ஓர் அம்மையாரின் மனு அது. கடைசி நாளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. நாம் தள்ளி எழுதினோம். திருத்துவதாயின் குறுக்கே கோடிட்டுச் சுருக்கொப்பம் இடவேண்டும் என்ற விதி நமக்குத் தெரியும். ஆயின் அங்கே திருத்தமே இல்லையே. புதிய பதிவேடு, தெளிவான கையெழுத்து, ஓர் அடித்தலும் இல்லை. காலங்கடந்த மனு என அது நிராகரிக்கப்பட்டது. நனைந்த பழைய பதிவேடு என்ன ஆயிற்று என்று நாம் வினவவில்லை. மனைவியிடம்கூட இதனைச் சொன்னது பல ஆண்டுகளுக்குப் பின்னரே.

வின்ஸ்டன் ஸ்மித்தும் பதிவேட்டுத் துறைக் குமாஸ்தாதான் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு வியர்க்கின்றது. பழைய செய்தித்தாளைத் திருத்திப் புதிதாய் அச்சிடச் செய்து, மூலத்தை நெருப்புக்கு அனுப்புவது அவன் நாட்பணி. அதனைத் திறம்படச் செய்வதில் அவனுக்கு ஒரு தொழிற்பெருமையும் உண்டு என்று ஆர்வெல் எழுதியிருப்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ அறியோம். அன்று நம் கையெழுத்தைக் கண்டு அம்மேலதிகாரி பாராட்டினார். நமக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

நிற்க. சித்திர வரலாற்றுக்கு வருவோம்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் ஆர்வெல் காசநோயால் மறைந்தார். ஆகவே அவர் கதைகளுக்குப் பின்னாளில் ஏற்பட்ட படவடிவம் எதற்கும் அவருடைய ஒப்புதலோ மறுப்போ இல்லை. அவர் மறைந்த அவ்வாண்டிலேயே முதல் படக்கதைக்கு வேலை தொடங்கிற்று. தொடங்கியது பதிப்பகமன்று, ஓர் அரசாங்கத் துறை. பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின்கீழ் 1948இல் மறைவாக அமைக்கப்பட்டது செய்தி ஆய்வுத் துறை. பொதுவுடைமைக்கு எதிரான கருத்துகளை உலகெங்கும் பரப்புவது அதன் பணி. நார்மன் பெட் என்ற ஓவியரையும் டான் ஃப்ரீமன் என்ற எழுத்தாளரையும் அது அமர்த்தியது. ‘ஜேன்’ என்னும் நாளிதழ்ப் படக்கதையால் போர்வீரரிடையே புகழ்பெற்றவர் பெட். அவர்கள் ஆக்கிய ‘விலங்குப் பண்ணை’ கருப்பு வெள்ளைப் படத்தொடர். இங்கிலாந்தில் அது வெளியிடப்படவில்லை. பிரேசில், பர்மா முதலிய நாடுகளின் நாளிதழ்களில் வெளிவந்தது. பர்மாவை எண்ணிப் பாருங்கள். இருபதாண்டுகட்கு முன் தாம் காக்கியுடையில் தடியேந்தி நின்ற மண்ணில், அந்த வேலையை வெறுத்து விட்டுவிலகிய மனிதரின் கதை, அவரை அனுப்பிய அதே அரசின் கையால், யார் அனுப்பியது என்ற குறிப்பின்றி வந்து சேர்ந்தது.

படத்தை ஏன் நாடினார்கள்? எழுத்தறியாதாரிடமும் படம் செல்லும். நூலைப் படிப்பவன் நின்று எண்ணுவான், முன்பக்கம் புரட்டுவான். படம் பார்த்தவுடன் பதிந்துவிடும். எகிப்திலிருந்த பிரித்தானியத் தூதரக அலுவலர் ஒருவர் 1949இல் எழுதிய குறிப்பொன்று உண்டு. பன்றியும் நாயும் இசுலாமியர்க்குத் தூய்மையற்றவை. ஆதலால் அராபிய மொழியில் இக்கதை நன்கு எடுபடும் என்பது அதன் சாரம். இலக்கியத்தை இவ்வண்ணமும் எடைபோட ஒரு கோப்பு இருந்திருக்கிறது. எந்நிற மையில் அதற்கு ஒப்புதல் எழுதினார்களோ!

ஆர்வெல்லும் முற்றிலும் மாசற்றவர் என்று கூறுதற்கில்லை. 1949இல் நோய்ப்படுக்கையில் இருந்தபோது, பொதுவுடைமைச் சார்புடையோர் எனத் தாம் ஐயுற்ற எழுத்தாளர், இதழாளர் பெயர்ப்பட்டியல் ஒன்றை அதே செய்தி ஆய்வுத் துறைக்கு அளித்தார். அவர்பால் நமக்குள்ள மதிப்பு பெரிது. இதனை மறைத்து எழுதினால் அம்மதிப்புக்கு நாமே வெண்சாயம் பூசியவராவோம்.

அடுத்து வந்தது வண்ணப்படம். புடாபெஸ்டில் பிறந்த ஜான் ஹாலஸும், அவர் மனைவியாரும் ஆங்கிலேயப் பெண்மணியுமான ஜாய் பாச்சிலரும் 1940 முதல் இலண்டனில் கார்ட்டூன் படக்கூடம் நடத்திவந்தனர். போர்க்காலத்தில் செய்தி அமைச்சகத்துக்கென அறிவுறுத்தற் படங்கள் பல ஆக்கியவர்கள். 1951இல் லூயி டி ரோஷ்மான் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் ‘விலங்குப் பண்ணை’யை முழுநீளப் படமாக ஆக்க அவர்களை அமர்த்தினார். பணம் அவருடையது என்றே வெளியார் எண்ணினர். அப்பணம் அமெரிக்க மத்திய உளவுத்துறையாகிய சி.ஐ.ஏ.யிலிருந்து வந்தது என்பது, அத்துறையில் பணியாற்றிய ஹோவர்ட் ஹண்ட் 1974இல் தம் நினைவுநூலை வெளியிட்டபோதே அம்பலமாயிற்று. படம் 1954 டிசம்பரில் நியூயார்க்கிலும் 1955 ஜனவரியில் இலண்டனிலும் திரையிடப்பட்டது. திரையரங்குகளில் வெளிவந்த முதல் பிரித்தானிய முழுநீளக் கார்ட்டூன் படம் என்ற பெருமை அதற்கு உண்டு.

அதனைப் பழிக்க நாம் விரும்பவில்லை. டெக்னிகலர் முறையில் ஆக்கப்பட்ட அப்படம், கார்ட்டூன் என்றால் வேடிக்கை என்று இருந்த காலத்தில், துயரத்தையும் அச்சத்தையும் வண்ணத்தால் சொல்லத் துணிந்தது. உழைத்து ஓய்ந்த பாக்ஸர் என்னும் குதிரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது பெஞ்சமின் பின்னே ஓடிக் கதறுகின்ற காட்சியை நம் இல்லத்துச் சிறுவர்கள் கண்கலங்காமல் காணார். எல்லா விலங்குகளுக்கும் குரல் கொடுத்தவர் மாரிஸ் டென்ஹாம் என்ற ஒரே நடிகர் என்பதும் ஒரு வியப்பு.

முடிவில்தான் கை வைத்துவிட்டனர். நாவலின் இறுதியில் பன்றிகளும் மனிதர்களும் ஒரே மேசையில் அமர்ந்து குடித்துச் சீட்டாடுகின்றனர். சாளரத்தின் வழியே நோக்கும் விலங்குகளுக்கு எது பன்றி முகம், எது மனித முகம் என்று பிரித்தறிய இயலவில்லை. அத்துடன் கதை முடிகிறது. முதலாளியும் புதிய எசமானனும் ஒன்றே என்பது அதன் கடுமை. படத்திலோ அவ்விருந்தில் மனிதர் இல்லை; பன்றிகள் மட்டுமே உள்ளன. அதைக் கண்ட பெஞ்சமின் மற்ற விலங்குகளைத் திரட்டி வீட்டினுள் பாய்ந்து பன்றிகளை வீழ்த்துகின்றான். அவையோர் நம்பிக்கையோடு வீடு திரும்பவேண்டும் என்பதற்காகவே அம்முடிவு என்று ஹாலஸ் பின்னாளில் நியாயம் கூறினார். கலைஞர் என்ற முறையில் அவர் அதனை மெய்யாகவே நம்பியிருக்கலாம். ஆயின் சுவரில் எழுதியதை இரவில் மாற்றுவது பெருங்குற்றம் என்று சொல்வதற்கே எழுந்த ஒரு கதை. அக்கதையின் கடைசி வரியே ஏணியும் சாயக்குடமும் கொண்டு மாற்றப்பட்டது. ஏற்கெனவே இருந்தது அழிக்கப்படவில்லை. மனிதர் நீக்கப்பட்டனர், ஒரு கிளர்ச்சி கூட்டப்பட்டது. ஸ்குவீலருக்கும் இம்முறை தெரியும்.

பிரேசிலிலும் இவ்வாறே ஒரு விந்தை. அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய 1964ஆம் ஆண்டிலேயே ‘விலங்குப் பண்ணை’யின் போர்த்துக்கேய மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. மொழிபெயர்த்தவர் ஓர் இராணுவ அதிகாரி. இராணுவ ஆட்சி 1985 வரை நீடித்தது. அதே நாட்டிலிருந்து, அந்த ஆட்சி மறைந்து ஒரு தலைமுறை கழித்து, இரண்டு ஓவியர்கள் ஆர்வெல்லை மீண்டும் தீட்டினர். ஓடிர் என்பவர் 2018இல் ‘விலங்குப் பண்ணை’யைத் தூரிகையின் தடம் தெரியுமாறு முழுவண்ண ஓவியங்களாக ஆக்கினார். பின்னர் நெஸ்டி. இவ்விருவரும் ஆர்வெல் எழுதிய முடிவுகளைத் தொடவில்லை. பெட்டின் படத்தொடரை அச்சிட்ட நாட்டிலிருந்தே இவ்வேலை எழுந்தது தற்செயலாக இருக்கலாம்; நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

‘1984’க்கு நிறம் தருவதில் முன்னோர்க்கு இருந்த இடர்ப்பாட்டையும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1949 ஜூன் 8ஆம் நாள் வெளியான முதற்பதிப்பின் மேலுறையே சிவப்பு, பச்சை என இருநிறத்தில் வந்தது. 1954இல் பி.பி.சி. தொலைக்காட்சி நாடகமாக்கியபோதும், 1956இல் திரைப்படமானபோதும் கருப்பு வெள்ளையே கிட்டியது. நிறமற்ற உலகுக்கு அது தானே பொருந்திற்று. 1984ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ராட்ஃபோர்டு வண்ணப்படமாக எடுத்தபோது சிக்கல் எழுந்தது. வண்ணச் சுருளில் எடுத்தால் எல்லாம் பளபளக்கும். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் ஓர் உத்தி செய்தார். படச்சுருளைக் கழுவும்போது வெளுப்புக் கட்டத்தை விடுத்து, வெள்ளித்துகள் சுருளிலேயே தங்குமாறு செய்தார். அதனால் வண்ணம் மங்கி, நிழல் கறுத்து, மனிதர் முகங்கள் சாம்பல் பூத்தன. நிறத்தை நீக்குவதற்கும் இரசாயனம் வேண்டியிருக்கிறது.

நெஸ்டிக்கு அத்தொல்லை இல்லை. தூரிகை அவர் கையில். ஆயின் வேறொரு தொல்லை இருந்தது. நாவலில் சிவப்பு சில இடங்களிலேயே வருவது. படக்கதையிலோ செம்மை அடிக்கடி தோன்றுகின்றது. ஆகவே ஜூலியாவின் கச்சை நாவலில் எரிவதுபோல் படத்தில் தனித்து எரியவில்லை என்பது நம் துணிபு. இது குறையா? ஒருநாள் நாம் குறை என்றோம். மகள் மறுத்தாள். “அப்பா, அங்கே சிவப்பு அவளுக்கு மட்டும் சொந்தமில்லை. அண்ணன் முகமும் சிவப்பு, அவள் இடுப்பும் சிவப்பு. அவள் கட்டியிருப்பது கட்சி கொடுத்த துணிதானே?” என்றாள். நாம் நாவலை எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. அக்கச்சையை அவிழ்த்து எறியும்போதுதான் ஜூலியா ஜூலியாவாகின்றாள். முப்பதாண்டாக அந்தச் சிவப்பைக் காதலின் நிறமென்றே எண்ணியிருந்தோம்.

அன்றிரவு அவளுக்குக் க.நா.சுப்ரமணியத்தின் தமிழாக்கமான ‘விலங்குப் பண்ணை’யைப் படித்துக் காட்டத் தொடங்கினோம். தில்லியிலேயே பல்லாண்டு வாழ்ந்த க.நா.சு.வின் தமிழை, தில்லியிலேயே பிறந்த அவள் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வல்லவள். எனவே நாம் படிக்க அவள் கேட்பதென்று ஏற்பாடு. நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம். அவள் கேட்டுக்கொண்டே படம் வரைவாள். ஏணி முறிந்த இரவை வரைந்தபோது சுவரைக் கருப்பாகத் தீட்டி, எழுத்திருக்கும் இடங்களைத் தாளின் வெண்மையாகவே விட்டுவிட்டாள். வெள்ளை வண்ணம் பெட்டியில் இருக்கிறதே என்றோம். வெள்ளை பூசினால் பின்னால் எழுதியதா, முன்னமே இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. தாளையே விட்டால் அது முன்னமே இருந்தது என்று தெரியும் என்றாள்.

அப்போது பதிவேட்டுக் கதையை அவளிடம் சொன்னோம். முழுவதும் கேட்டபின் அந்த அம்மையாரின் பெயரை வினவினாள். பெயர் நமக்கு நினைவிருந்தது. எண்ணும் தேதியும்கூட நினைவிருந்தன. உண்மைத் தேதி எதுவோ அது. அவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். நீல மையால் எழுதித் தந்தோம். அத்தாளை என்ன செய்தாள் என்று நாம் கேட்கவில்லை. நெஸ்டியின் நூலுக்குள் வைத்திருப்பதைப் பின்னர் கண்டோம்.

ஆர்வெல்லின் நூல்களுக்கு நம் நாட்டில் 2011 முதலும் இங்கிலாந்தில் 2021 முதலும் பதிப்புரிமைக் கட்டு இல்லை. எவரும் வரையலாம், எவ்வண்ணமும் பூசலாம். இனி வரும் படக்கதைகள் பலவாக இருக்கும். அவற்றின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பது நம் வழக்கமாகிவிட்டது. சாளரத்தின் உள்ளே மனிதர் அமர்ந்திருக்கின்றனரா என்று.

நெஸ்டியின் நூற்பிரதி ஒன்றையும் க.நா.சு.வின் தமிழாக்கத்தையும் நம் சங்க நூலகத்துக்கு அளித்துள்ளோம். தமிழ் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுடைய இல்லத்தார் இரண்டினையும் ஒருசேர எடுத்துச் செல்லலாம். பதினைந்து நாளுக்குள் திருப்பித் தருதல் வேண்டும். எடுத்துச் செல்லும் தேதியை அவரவரே தம் கையால் பதிவேட்டில் எழுதுவது நலம்.